மூவாரில் தள்ளிவிட்ட லோரி

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய தோரணங்கள் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்த வாரம், என் பழைய லோரியை மலாக்காவிலிருந்து மூவாருக்கு ஓட்டிப் போனேன். ஊர் பார்க்க அல்ல, விற்க. மூவாரில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, அதை எடுத்துக்கொண்டு, மேல்பணத்துக்குப் பெரிய லோரி ஒன்றைக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தோம். அந்தப் பாதையில் சொந்த வண்டியில் போக நினைக்கும் கடைக்காரர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்.

என்னுடையது சின்ன லோரி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் தாழ்வான மரத் தொட்டி. ஜப்பான்காரன் போனபிறகு ஏலத்தில் எடுத்தது. சைக்கிளில் வெங்காயம் கட்டி விற்றுக்கொண்டிருந்தவன் காஜா பேராங்கில் கடை போட்டதென்றால் அது அந்த வண்டியின் முதுகில்தான். பத்து மூட்டைக்கு மேல் ஏற்றினால் முனகும். வெறுமையாக ஓட்டினால் குதிக்கும். செல்ப் செத்துப்போய் வெகு நாளாயிற்று. ஹேண்டில் போட்டுச் சுற்றினால் மணிக்கட்டைத் திருப்பி அடிக்கும். அதனால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தள்ளுவதற்கு நாயக்கர் இருந்தார்.

நாயக்கர் கம்போங் செட்டிக் குடியிருப்புக்காரர், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்தவர்கள் வழி. என் கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் வீடு. பெயரும் நெற்றித் திருநீறும் வாசல் மாவிலையும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் சில முறைப் பெயர்களும்தான். அவர் மனைவிக்குக் கால் விளங்காது. செவ்வாய்க்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் வலி கொஞ்சம் அடங்கும். அந்தச் சந்துக்குள் நுழையக்கூடிய லோரி என்னுடையது ஒன்றுதான். வாசலை ஒட்டி நிறுத்திப் பின்பலகையை இறக்கினால், அந்த அம்மாளை நாற்காலியோடு அப்படியே தொட்டிக்குள் நகர்த்திவிடலாம். ஒருமுறை மூன்று சக்கர டிரைஷாவில் ஏற்றிப் பார்த்தார்கள். அவர் அலறியது தெருமுனை வரை கேட்டது.

ஆகவே விற்கும் செய்தியை அவரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் நாள் மாலையே மலாயில் சொன்னேன்: “நாயக்கர், நாளைக்கு மூவார் போறேன், லோரியைத் தோலாக்.” தேங்கிய சரக்கைத் தள்ளிவிடுவது என்று நாம் கடையில் சொல்கிறோமே, அதை அப்படியே மலாயில் போட்டுப் பேசிப் பழகியவன் நான். சந்தையில் எல்லோருக்கும் புரியும்.

நாயக்கர் சிரித்தார். “போலே, தவுக்கே! நானும் வர்றேன்.” ‘ஆகட்டும், முதலாளி’ என்கிறார். இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்கிறாரே, மனைவிக்கு வேறு ஏதோ ஏற்பாடு செய்துவிட்டார் போல என்று நினைத்தேன். எனக்கும் பாரம் இறங்கியது.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். மூவார் துறை இருபத்தெட்டு மைல். வெறும் வண்டி ஓட்டுவது எனக்கு ஆகாது என்பதால் எட்டுப் பெட்டி பெலாச்சான் இறால் விழுது ஏற்றிக்கொண்டேன். செமாபோக் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி துடைப்பானை நாயக்கர்தான் கையால் ஆட்டிக்கொண்டு வந்தார்.

மெர்லிமாவில் காப்பிக்கு நிறுத்தினோம். கடைக்காரர் நம் ஆள்.

“என்னாண்ணே, இந்தக் கிழவி இன்னும் சாகலியா?”

“இன்னியோட சரி. விக்கத்தான் போறேன்.”

“வாங்குறவன் யாரு, கண்ணு தெரியாதவனா?” என்று சிரித்தார். நாயக்கரும் கூடச் சிரித்தார். தமிழ் புரியாதவர், சிரிப்புக்குச் சிரிப்பு என்று சிரித்திருக்கிறார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

துறையில் ஒரு மணி நேரம் வரிசை. ஆற்றைக் கடக்கும் பெரிப் படகில் வண்டி ஏறியதும் எஞ்சினை அணைக்கச் சொல்வார்கள். செல்ப் இல்லாதவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நாயக்கர் இறங்கிப் பின்பலகையைத் தட்டிப் பார்த்தார்.

“தவுக்கே, கீல் தேஞ்சு போச்சு. ஏத்துறப்போ அவ நாற்காலி இடிக்குது. மூவார்ல பழைய கீல் கிடைக்கும், நான் வாங்கிப் போட்டுடறேன்.”

“இனிமே எதுக்கு? அது வாங்குற தவுக்கே பாடு.”

“எந்தத் தவுக்கே?”

“நேத்தே சொன்னேனே நாயக்கர். தோலாக்னு.”

அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காற்றைத் தள்ளிக் காட்டினார். “தோலாக். தள்ளத்தானே என்னைக் கூப்பிட்டே?”

“இல்ல. ஜுவால்.”

ஜுவால் என்றால் விற்பது, அதற்கு வேறு பொருள் கிடையாது. நீட்டிய கைகளை அவர் இறக்கவே கொஞ்ச நேரமாயிற்று.

“அப்ப செவ்வாய்க்கிழமை?”

“புது லோரி சந்து முனை வரைக்கும் வரும்.”

“சந்து முனைக்கு அவ எப்படி வருவா?”

மூவார் ஆறு அகலமான ஆறு. அன்று ஒரு வழி யோசித்து முடிக்க எனக்கு அது போதவில்லை. அதே பெரியில் திரும்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தவுக்கேயிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்கு மாறினவனுக்கு மூவாரிலிருந்து பத்து பஹாட் ஊர் வரை எவனும் சரக்குத் தரமாட்டான். என் கடையில் ஆறு பேர் சாப்பிடுகிறார்கள். இப்படித்தான் கணக்குப் போட்டேன். இன்று போட்டாலும் அப்படித்தான் வரும்.

அக்கரையில் பலகை இறக்கினார்கள். எஞ்சின் கிளம்பவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். யாரைக் கூப்பிடுவது என்று பார்ப்பதற்குள் வண்டி நகர்ந்தது. பெரி ஆட்கள் இருவர் மேடு ஏறும்வரை கை கொடுத்தார்கள். சமதளத்துக்கு வந்ததும் விட்டுவிட்டார்கள். அதற்கப்புறமும் வண்டி போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் நாயக்கரின் தோள் மட்டும் தெரிந்தது, தேய்ந்த கீலுக்குப் பக்கத்தில். எஞ்சின் பிடித்தது. பிடித்ததும் ஓடிவந்து படியில் தொற்றிக்கொண்டு கூச்சல் போடுவது அவர் வழக்கம். அன்று புகைக்குள் நடந்து வந்தார்.

தவுக்கே வண்டியைச் சுற்றிவந்து என்னிடம், “ஓடுமா?” என்றார்.

“ஓடும்,” என்றார் நாயக்கர், எனக்கு முன்னால். “நல்ல லோரி. கொஞ்சம் தள்ளணும், அவ்வளவுதான்.”

புது லோரியில் திரும்பினோம். உயரமான இருக்கை, சாலை நன்றாகத் தெரிந்தது. சந்து முனையில் இறங்கும்போது அவர் “தாக் அப்பா, தவுக்கே” என்றார். பரவாயில்லை என்று பொருள்.

செவ்வாய்க்கிழமை கடைப் பையன்கள் நான்கு பேரை அனுப்பினேன். அந்த அம்மாளை நாற்காலியோடு சந்து முனைவரை தூக்கி வந்தார்கள். புது லோரியின் தொட்டி என் நெஞ்சு உயரம். அவர் அதை ஒருமுறை பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்து வீட்டுக்கே திரும்பலாம் என்றார். திரும்பினார்கள். அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கடையை அடைத்துப் பின்கட்டில் உட்கார்ந்தால் இரவில் அவர் முனகுவது கேட்கிறது.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் துறையை அடைந்துவிடுங்கள், பிறகு வரிசை நீளும். மெர்லிமா காப்பி நன்றாக இருக்கும். சந்துக்குள் நுழையும் சின்ன லோரி உங்களிடம் இருந்தால், அது எந்தெந்த வாசலுக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். விற்பதாகவே முடிவானால் ஜுவால் என்று சொல்லுங்கள். தோலாக் என்று சொன்னால் தள்ளுவதற்கு ஆள் வந்துவிடும்.