உடைப்பதற்கென்று செய்த கிட்டார்

உடைந்துபோவதற்கென்றே ஒரு பொருளைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற பிழைப்பு எத்தனை பேருக்கு வாய்க்கும்? சிராய்க்கு வாய்த்திருந்தது. தச்சுவேலைக்காரர். எந்நேரமும் ஏதாவது ஒரு விரலில் மரச்சிராய் ஏறியிருக்கும், ஊசியால் அதை நெம்பிக்கொண்டேதான் யாரோடும் பேசுவார், அதனால் அந்தப் பெயர். ஒரு பெரிய ராக் பாடகனிடம் பதினோரு வருஷமாக வேலை. ஒவ்வொரு சுற்றுப்பயணத்தின் கடைசிக் கச்சேரியிலும், கடைசிப் பாட்டு முடிந்ததும், அந்தப் பாடகன் கிட்டாரைக் கழுத்தோடு பிடித்து மேடையில் ஓங்கி அடித்து உடைத்துத் துண்டுகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். அப்படி உடைகிற கிட்டாரைச் செய்துகொடுப்பதுதான் சிராயின் வேலை.

லேசான மரமாகப் பார்த்து எடுப்பார். கழுத்து உடம்போடு சேருகிற இடத்தை முக்கால்வாசி அறுத்து, அறுத்த இடத்தில் மெழுகை அடைத்து, மேலே கறுப்புப் பெயின்ட். உடம்பை நெடுக மூன்றாகப் பிளந்து மாவுப்பசையால் ஒட்டிவைப்பார். உள்ளே ஒயர் கியர் ஒன்றும் கிடையாது. முதல் அடியில் கழுத்து போகும், இரண்டாவது அடியில் உடம்பு பிரியும், பாடகனின் மணிக்கட்டுக்கு நோவு இருக்காது. அடிக்கும்போது எழுகிற அலறல் சவுண்டுக்காரர் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருப்பது. ரசிகர்களுக்கும் இதெல்லாம் அரசல்புரசலாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

அசல் கிட்டார் வேறு. அதற்கு ஒத்தைக்கொம்பு என்று பெயர். இந்த வகைக் கிட்டாருக்கு வழக்கமாகத் தோளில் இரண்டு கொம்பு இருக்கும், இதற்கு ஒன்றுதான். அதைப் போல இன்னொன்று எங்கேயும் இல்லை. சளி பிடித்த பெண் மூக்கால் பாடுகிற மாதிரி ஒரு சத்தம், கேட்டவர்களை விடாது. மூன்று கம்பெனிகள் நகல் செய்துபார்த்து மண்ணைக் கவ்வின. பேட்டிகளில் பாடகன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொல்வான்: "இருபத்திரண்டு வயசுல, இந்த ரெண்டு கையால செஞ்சேன். ரெண்டு கொம்பு வச்சா சமநிலை வந்துடும். எனக்குச் சமநிலை ஆகாது." கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். 'வீசுவான்', 'சொல்வான்' என்று பாடகனை நான் ஒருமையில் சொல்வது யாருக்காவது உறுத்தினால் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

உண்மையில் பலகை போதவில்லை. அவ்வளவுதான் அந்தக் கொம்பின் ரகசியம். அது ஒரு துணி அலமாரியின் கதவு. அந்தக் கதவைக் கழற்றி, அறுத்து, இழைத்து, கிட்டாராக்கியது சிராயின் அக்கா.

அக்கா ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் செம்புக்கம்பி சுற்றுகிறவள். தையல் மிஷின் மோட்டாரில் சுருளை மாட்டி நாள் முழுக்கச் சுற்றுவாள். இடதுகைக்காரி என்பதால் கடையில் எல்லாரும் சுற்றுகிற பக்கத்துக்கு நேர் எதிராகத்தான் அவளுக்குக் கை போகும், முதலாளியிடம் அதற்காக வாங்கிக்கட்டிக்கொள்வாள். தந்தியின் அதிர்வைப் பிடிக்கக் கிட்டாருக்குள் வைத்த இரண்டு சுருளில் ஒன்று கடையில் கிடந்த பழையது, மற்றது அவள் சுற்றியது. இரண்டும் எதிரும் புதிருமாக நின்று மல்லுக்கட்டியதில் பிறந்ததுதான் அந்த மூக்குச் சத்தம். அப்போது அவள் வீட்டு மாடி அறையில் குடியிருந்த பாடகன் ஒருநாள் இறங்கி வந்து, "ஒரே ஒரு கச்சேரிக்குத் தாங்க. நாளைக்குக் காலைல கொண்டாந்து வச்சிடறேன்" என்று கேட்டான். கொடுத்தாள். அந்த ஒரு கச்சேரியில் அவன் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டான். நாளைக்குக் காலை வரவே இல்லை, அறையைக் காலி செய்ய ஆள்தான் வந்தது.

நாலு வருஷம் கழித்து அக்கா சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வார்டு டிவியில் அவன் பேட்டி ஓடியது. வேறொரு ஊரில் மேஜை நாற்காலி செய்யும் தொழிற்சாலையிலிருந்து சிராய் அன்றைக்குத்தான் வந்திருந்தார். 'இந்த ரெண்டு கையால' என்று அவன் சொன்னதும் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"என் பேரைச் சொல்லுவான்னு பாத்தேன்டா. ஒரு தடவை. சும்மாவாவது" என்றாள். இரண்டு வாரத்தில் போய்விட்டாள்.

சிராய் அன்றிலிருந்து கறுவிக்கொண்டிருந்தார். அவன் மூக்கை உடைக்க வேண்டும், ஊரே பார்க்க உடைக்க வேண்டும் என்றுதான் அவனிடம் வேலைக்கே சேர்ந்தார். பாடகன் அவரை முன்னே பின்னே பார்த்ததில்லை. யார், எந்த ஊர் என்று இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. வஞ்சம் தீர்க்கப் போனவர் வருஷா வருஷம் அவனுக்கே கிட்டார் இழைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி இதைச் சும்மா விடுகிற ஆள் இல்லை. அக்காவோடு அதே கடையில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கம்பி சுற்றியவள் அவள்.

"பதினோரு வருஷமா அவன் சோத்தையும் தின்னுட்டு அவனையும் திட்டிட்டு இருக்கீங்க. ரெண்டுல ஒண்ணை விடுங்க" என்பாள்.

வாய்ப்பு இல்லாமல் இல்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் மேடையில் விளக்கெல்லாம் அணையும். ஐந்து விநாடி. சிராய் இருட்டில் ஓடி, பாடகனின் தோளிலிருந்து ஒத்தைக்கொம்பைக் கழற்றி, நகலை மாட்டி, ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். வந்த வேகத்தில் அசலைப் பெட்டியில் வைத்துப் பூட்டியாக வேண்டும், அது பாடகன் போட்ட சட்டம். அந்த ஐந்து விநாடியில் சும்மா நின்றாலே போதும், அவனே அசலை அடித்து நொறுக்கிக்கொள்வான். சிராய்க்கு அது தோன்றாமல் இருக்குமா? ஒவ்வொரு தடவையும் தோன்றியது. ஆனால் அது அக்கா இழைத்த மரம். அதில் ஒரு கீறல் விழ அவர் மனம் ஒப்பவில்லை.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் ஒத்திகைக் கூடத்துக்கு அருங்காட்சியகத்துக்காரர்கள் வந்தார்கள். இந்தச் சுற்றுப்பயணத்தின் கடைசிக் கச்சேரியோடு ஒத்தைக்கொம்பு ஓய்வு பெறுகிறது, அதன்பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது. கீழே வைக்கப்போகும் பித்தளைத் தகட்டையும் கொண்டுவந்திருந்தார்கள்: 'தம் கைகளாலேயே வடிவமைத்து உருவாக்கியது'. அவர்கள் போனதும் சிராய் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"சார், ஒரு பொண்ணு செஞ்சதுன்னு யாரோ சொன்னாங்களே. அப்படியா?"

பாடகன் சிரித்தான். "அவளா? கீழ்வீட்டுல இருந்தா. பெயின்ட் அடிச்சுக் குடுத்தா. பேருகூட ஞாபகம் இல்ல. நீ போய் வேலையைப் பாரு."

சிராய் போய் வேலையைப் பார்த்தார். பட்டறையில் இல்லை, வீட்டில், சமையலறையில். வைரம் பாய்ந்த பழைய உத்திரக்கட்டை ஒன்றைப் பிடித்தார். ஒட்டு இல்லாமல், பிளவு இல்லாமல், கழுத்தும் உடம்பும் ஒரே கட்டையில் கடைந்தார். தலையிலிருந்து அடிவரை நடுவில் இரும்புக்கம்பி செலுத்தினார். பின்பக்கம் குடைந்து, எடையை வழக்கமான நகலுக்குச் சரியாகக் கொண்டுவந்தார். தோளில் மாட்டினால் பாடகனுக்கு வித்தியாசம் தெரியக்கூடாதே. அடுப்பில் குழம்பு கொதிக்க, அதன் பக்கத்திலேயே கறுப்புப் பெயின்ட் காய்ந்தது. மனைவி வந்து பார்த்தாள், புரிந்துகொண்டாள். அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் படியில் ஓங்கி ஒரு போடு போட்டாள். படி பெயர்ந்தது. கிட்டாரில் பெயின்ட் மட்டும் கொஞ்சம் உதிர்ந்தது.

"இப்பத்தான் உங்களைக் கட்டினதுக்கு ஒரு அர்த்தம் வந்திருக்கு" என்றாள். உதிர்ந்த இடத்துக்கு அவளே பெயின்ட் அடித்துக் கொடுத்தாள்.

கச்சேரி நடந்தது ஒரு பெரிய உள்ளரங்கத்தில். எட்டாயிரம் பேர், டிவி கேமராக்கள், முதல் வரிசையில் அருங்காட்சியகத்துக்காரர்கள். கடைசிப் பாட்டு முடிந்தது. விளக்கு அணைந்தது. சிராய் ஓடினார், கழற்றினார், மாட்டினார், ஓரத்துக்கு வந்தார். விளக்கு வந்தது.

பாடகன் கிட்டாரைத் தலைக்குமேல் தூக்கி அடித்தான். டங்கென்று ஒரு சத்தம். கிட்டார் அப்படியே இருந்தது. மறுபடி அடித்தான். மேடைப் பலகையில் பள்ளம் விழுந்தது. சவுண்டுக்காரரின் அலறல் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, உடையாத கிட்டாரைப் பிடித்துக்கொண்டு பாடகன் முழித்தான். மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது அடியில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு ஒரு பகுதி சிரித்தது. பிறகு அரங்கமே சிரித்தது. "சாப்பிட்டு வந்து அடி தலைவா!" என்று ஒருவன் கத்தினான்.

சிராய்க்கு உச்சி குளிர்ந்தது. பதினோரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு ஒவ்வொரு சிரிப்பும் கூலி. ஒரு நொடியைக்கூட விடக்கூடாது என்று திரையை விலக்கி, மேடை விளிம்புக்கே வந்து நின்று கண்கொட்டாமல் பார்த்தார். பெட்டிப் பக்கம் போகவே இல்லை. ஒத்தைக்கொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

பாடகன் திரும்பினான். அவமானத்தில் முகம் கன்றிப்போயிருந்தது. சிராயையும் அவர் கையில் கிட்டாரையும் பார்த்தான். அசல் இந்நேரம் பெட்டிக்குள் போயிருக்கும், அதுதானே சட்டம்? அப்படியானால் இவர் கையில் இருப்பது உபரியாகச் செய்துவைத்த இன்னொரு நகல். பாய்ந்து வந்தான்.

"குடு!"

"இது இல்ல சார்! இது வேணாம்! இது..."

சவுண்டுக்காரரின் அலறலில் அது யார் காதிலும் விழவில்லை. சிராய் விடவில்லை. பாடகன் அவர் நெஞ்சில் முழங்கையால் இடித்துப் பிடுங்கினான். ஓடினான். ஒரே அடி. அலமாரிக் கதவு இரண்டாகப் பிளந்தது. அடுத்த அடியில் கொம்பு பறந்தது. கூட்டம் எழுந்து நின்று கூரை அதிரக் கத்தியது. துண்டுகளை அள்ளி அள்ளி வீசினான், செம்புச் சுருள் உள்பட. அதை முதல் வரிசைக்குப் பின்னால் யாரோ எம்பிப் பிடித்தார்கள்.

வியர்வை சொட்ட ஓரத்துக்கு வந்து சிராயின் தோளைத் தட்டினான். "நல்லவேளை, இன்னொண்ணு வச்சிருந்தே. முதல்ல குடுத்த கண்றாவி என்ன அது? சரி, அசலைப் பூட்டிட்டியா?"

சிராய் மேடையைக் காட்டினார்.

"என்ன?"

"எங்கக்கா செஞ்சதைத்தானே கேக்கறீங்க? அதோ."

பாடகன் அவரைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அது வாயைப் பிளந்துகொண்டு காலியாக இருந்தது. அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறிப்போவதை சிராய் பார்த்தார். இத்தனை வருஷம் பார்க்கக் காத்திருந்த முகம் அதுதான். பார்த்தும் நெஞ்சில் ஒன்றுமே ஏறவில்லை.

பாடகன் மைக்குக்கு ஓடினான். "திருப்பிக் குடுங்க! துண்டெல்லாம் குடுங்க! அது அசல்!"

கூட்டம் சிரித்தது. இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டது. துண்டு கிடைத்தவர்கள் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்கள்.

"அசலா இருந்தா என்ன தலைவா! இன்னொண்ணு செஞ்சுக்குங்க! உங்க கைதானே!" என்று முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"நான் செய்யலடா!" பாடகனின் குரல் உடைந்தது. "எனக்குச் செய்யத் தெரியாது! ஒரு பொண்ணு செஞ்சா! அவகிட்டேருந்து வாங்கிட்டு வந்தேன், திருப்பிக் குடுக்கல! குடுங்கடா!"

எட்டாயிரம் பேர் கைதட்டினார்கள். என்ன அடக்கம் பார், இந்த மனுஷனுக்கு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சவுண்டுக்காரர் கச்சேரி முடிந்ததென்று மைக்கை அணைத்துவிட்டார்.

விளக்கு இயக்கும் பெண் இறங்கி வந்தபோது சிராய் மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் விரல் நீளத்துக்கு நாலைந்து பிசிறுகள். அவை மேடைப் பலகையிலிருந்து பெயர்ந்தவையா, அலமாரிக் கதவிலிருந்து தெறித்தவையா என்று அவருக்கே பிரித்தறியத் தெரியவில்லை.

"என்னண்ணே அழறீங்க? வலிக்குதா? ரொம்ப பலமா இடிச்சுட்டாரா?"

"சொல்லிட்டான்ம்மா" என்றார் சிராய். "எங்கக்கா செஞ்சான்னு அவன் வாயால சொல்லிட்டான்."

"யாருண்ணே உங்க அக்கா? என்ன செஞ்சாங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண். எடுத்துக் காட்ட அவர் கையில் ஒன்றும் இல்லை.