சவரிமுத்து காவல் காத்த கணினி

லிந்துலைத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் கொழுந்து பாழாகிவிடும் என்ற பயத்திலேயே காலம் தள்ளியவர் சவரிமுத்து. அவர் ஓய்வுபெற்றதும் மகள் டெல்சி, பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுக் கணக்கேடான பிளாக்செயினின் பதிவுகளைச் சரிபார்க்கும் சிறு கணினி ஒன்றை, தோட்டத் தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டில் வைத்தாள். கரண்ட் போனால் தவித்துப்போவார்.

"ஒன்னும் ஆகாதுப்பா. வேற சில வேகமான நெட்வொர்க்க கொஞ்சம் பெரிய மெஷின்தான் தாங்குது, அதுங்க விழுந்தா சிக்கல். நம்ம நெட்வொர்க் மெதுவாத்தான் போகும், ஆனா ஆயிரக்கணக்கான வீடுங்க தாங்குது."

"எல்லா வீட்டுலயும் அப்படி நெனச்சுப் படுத்துட்டா என்னடி பண்ணுவ?"

நெஞ்சுவலியோடு ஆம்புலன்சில் ஏற்றியபோதும், "மெஷின் ஓடுதா?" என்றுதான் கேட்டார். கரண்ட் போயிருந்தது. "ஓடுதுப்பா" என்றாள்.

அடக்கம் முடிந்து வந்து பார்த்தாள். அவர்களுடைய கணினி இல்லாமலே நெட்வொர்க் நிற்காமல் ஓடியிருந்தது, அவள் சொன்னபடியே. டெல்சி கணினியை மறுபடி போட்டுவிட்டு, கரண்ட் போய்விடுமோ என்று பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.