அடுப்பக்காவின் ஷூ லேஸ்

வலது காலில் கட்டிய லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டுகிறாள் அடுப்பக்கா. அடுத்து இடது காலுக்கும் அதே மரியாதை. இது முடியும்வரை யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், "இரு, கால் என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு வரேன்" என்பாள். அதற்குப் பிறகுதான் மட்டையைத் தொடுவாள்.

ரொட்டி ஆலையில் பெரிய அடுப்பு அவள் பொறுப்பு. பெயர் வந்த வழியும் அதுதான். முன்னங்கை இரண்டிலும் தட்டு சுட்ட தழும்புகள் வரிவரியாக இருக்கும். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் வீட்டிலும் இறங்காது. உப்பு எடு என்று இவள் சொன்னால் மூன்றாவது வீட்டில் எடுத்துவிடுகிறார்கள் என்பது மாவு லாரி ஓட்டும் அவள் கணவரின் குறை. அதையும் லாரியில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்வார்.

ஆலைக்குப் பின்னால், மாவுக் கிடங்குச் சுவரை ஒட்டி ஒரு டென்னிஸ் மைதானம் இருக்கிறது. அங்கே முதல் வலையைக் கட்டியவள் அவளுடைய அப்பாவின் கடைசித் தங்கை. அந்த அத்தையின் மகளைக் கட்டியவர்தான் இன்று ஆலையில் சூப்பர்வைசர். ஆகவே கெட்ட செய்தி வந்தாலும் சொந்தக்காரர் வாயால்தான் வரும். அப்படித்தான் வந்தது.

"இந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கலியேம்மா. வர்ற ஞாயித்துக்கிழமையும் தோத்தா, இடத்த லாரி நிறுத்த எடுத்துக்குறதா மேல பேசிக்கிறாங்க."

"பேசட்டும்ண்ணே. ஞாயித்துக்கிழமை இன்னும் வரலியே."

அணியில் நான்கு பெண்கள். பொட்டலப் பிரிவில் வேலை செய்யும் அக்கா, தங்கை இருவரும் ஒரு ஜோடி. கேப்டனான அடுப்பக்காவும், எடை மேசையில் வேலை பார்க்கும் அவள் தம்பி மனைவியும் இன்னொரு ஜோடி. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அடுப்பக்கா பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றுவாள். டீ இறங்கும்வரை கணக்கு பேசக் கூடாது. பிறகு ஒவ்வொருத்தியும் தான் நன்றாக அடித்த பந்து ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"எனக்கு ஒண்ணுமே இல்லக்கா" என்றாள் ஒருமுறை தங்கைக்காரி.

"வலையில பட்டு அந்தப் பக்கம் விழுந்துச்சே?"

"அது தானா விழுந்ததுக்கா."

"நீ அடிக்காமலா தானா விழும்? சொல்லு, நான் அடிச்சேன்னு சொல்லு."

சொன்ன பிறகுதான் அவளுக்கு பிஸ்கட் கிடைத்தது.

வீட்டில் வேறு கதை. "இன்னைக்கு யாருக்குப் புண்ணியம் பண்ணிட்டு வந்தீங்க?" என்று கணவர் கேட்பார். "உங்களுக்குத்தான். சமைக்கத் தெம்பில்ல, நீங்க சமைங்க" என்று மட்டையை மூலையில் சாய்ப்பாள்.

கேலியில் உண்மையும் இருந்தது. இந்தப் போட்டிகளுக்கு நடுவர் கிடையாது. நம் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று நாம்தான் சொல்ல வேண்டும். வெளியே என்றால் ஒரு விரலை உயர்த்தி அவுட் என்று உடனே சொல்லிவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் புள்ளி எதிராளிக்கு. தோற்றுத் தோற்று, தம்பி மனைவிக்கு எல்லாப் பந்தும் சந்தேகமாகிவிட்டது. கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்ததைக்கூட உள்ளே என்று கொடுத்தாள். பந்து விழுந்ததும் அடுப்பக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். பார்த்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும்.

"என் மூஞ்சியிலயா கோடு போட்டிருக்கு? பந்தப் பாரு."

"பாத்தேன் அண்ணி. ஆனா உறுதியா தெரியலியே."

அந்த வாரம் அடுப்பில் ஒரு தட்டு ரொட்டி வேகாமல் போனதைச் சொல்ல அடுப்பக்கா எடை மேசைப் பக்கம் போனாள். தம்பி மனைவி ரொட்டிகளைத் தராசில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். எடை குறைந்ததை ஒற்றை விரலால் ஓரம் தள்ளினாள். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர், "அது பரவால்ல, விடும்மா" என்றார். அவள் நிமிரவே இல்லை. "குறையுதுண்ணே" என்று அடுத்ததை எடுத்தாள். அடுப்பக்கா வந்த விஷயத்தை விட்டுவிட்டு அந்த விரலையே பார்த்தாள். பிறகு, "ஏம்மா, ரொட்டிய ஒதுக்குறப்போ யாரைப் பாத்து ஒதுக்குற?" என்று கேட்டாள்.

"யாரப் பாக்கணும் அண்ணி? ரொட்டியத்தான் பாக்குறேன்."

"அப்ப நான்தான் குறுக்க நிக்கிறேன்" என்றாள் அடுப்பக்கா. சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில் அப்படி நடந்தது அபூர்வம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது தொலைபேசி அலுவலக அணி. ஒரே மாதிரி தொப்பி, ஒரே மாதிரி பை. அக்கா, தங்கை ஜோடி எப்படியோ முட்டி மோதி ஜெயித்துவிட்டது. இனி எல்லாம் இரண்டாவது ஜோடியின் தலையில். அவர்களும் இழுத்துக்கொண்டே போனார்கள். கிடங்குச் சுவர் நிழலில் நாற்காலி போட்டிருந்த சூப்பர்வைசர் பாதியில் எழுந்து நின்றுவிட்டார். கடைசியில் ஜெயிக்க ஒரே ஒரு புள்ளி தேவை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. வலையருகே நின்ற அடுப்பக்காவின் தலைக்கு மேலே போய், பின்கோட்டின் அருகில், தம்பி மனைவியின் காலடியில் விழுந்தது. அவள் அடிக்காமல் விட்டுவிட்டாள். வழக்கம்போல அண்ணியின் முகத்தைத் தேடினாள்.

முகம் அங்கே இல்லை. அடுப்பக்கா முழங்காலிட்டுக் குனிந்து, இறுக்கமாகவே இருந்த வலது லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தது அவளுடைய கொண்டை மட்டும்தான்.

தம்பி மனைவி கோட்டைப் பார்த்தாள். ஒற்றை விரல் மேலே போனது.

"அவுட்."

"நல்லா பாத்தீங்களா?" என்றாள் எதிர்ப்பக்கத்துத் தொப்பிக்காரி.

"பாத்தேங்க. வெளிய."

தொப்பிக்காரி தலையசைத்துவிட்டு, கைகொடுக்க வலையை நோக்கி நடந்தாள். அக்காவும் தங்கையும் ஓடி வந்தார்கள். அடுப்பக்கா நிமிரவில்லை. வலது காலின் முடிச்சை இறுக்கிவிட்டு, இடது காலின் லேஸை அவிழ்க்கத் தொடங்கினாள்.