தோற்றவர் டீ வாங்க வேண்டும்

மீட்டர் பழுது பார்க்கும் அலுவலகத்தில் அவருக்கு டிக்‌ஷ்னரி என்றுதான் பெயர். வீட்டில் மனுஷனை ஒரு வார்த்தை கேட்க ஆள் கிடையாது. திரைச்சீலை என்ன நிறம் என்பதுகூட மாட்டிய பிறகுதான் அவருக்குத் தெரியும். ஆபீசில் அப்படியில்லை. டீ நேரத்தில் எந்த இங்கிலீஷ் வார்த்தைக்குச் சண்டை வந்தாலும் தீர்ப்பு அவருடையது. தோற்றவர் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார்.

அன்று கேஷியருக்கும் ஸ்டோர்கீப்பருக்கும் முட்டிக்கொண்டது. வார்த்தை, சாங்ஷன்.

“லோன் சாங்ஷன் ஆச்சுன்னா என்ன? குடுத்துட்டான்னுதானே? அப்ப அனுமதிதான்,” என்றார் கேஷியர்.

“ஒரு நாட்டு மேல சாங்ஷன் போட்டாங்கன்னு நியூஸ்ல சொல்றானே, அது என்ன, முதுகுல தட்டிக் குடுக்குறதா? தடைய்யா, தடை!” என்றார் ஸ்டோர்கீப்பர்.

டிக்‌ஷ்னரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “ரெண்டு பேர் சொல்றதும் சரி. இடத்தைப் பார்த்து அர்த்தம் எடுத்துக்கணும்.”



“அப்ப டீ யார் வாங்குறது?” என்றார் கேஷியர்.

எலியும் பூனையுமாக இருந்த இருவரும் அந்த நொடியே கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள். “நல்லா நழுவுறீங்க சார்.” டிக்‌ஷ்னரி ஓடிப்போய் அகராதியையே எடுத்துவந்து விரித்துக் காட்டினார். “புஸ்தகம் போட்டவனும் உங்கள மாதிரி பயந்தாங்கொள்ளிதான்,” என்று அதை மூடி வைத்தார் ஸ்டோர்கீப்பர்.

மறுநாளிலிருந்து தீர்ப்பு ஆபீஸ் டிரைவருக்குப் போய்விட்டது. டிரைவருக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. ஆனால் கேட்ட மாத்திரத்தில் ஒரே போடாகப் போடுவார். ஒருவர் ஜெயிப்பார், ஒருவர் தோற்பார், டீ வந்துவிடும். டிக்‌ஷ்னரி தன் சீட்டிலேயே உட்கார்ந்து அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு வயிறெரிந்தார். ஆபீசிலும் கேட்க ஆளில்லை என்றால் அவர் எங்கேதான் போவார்?

சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, கடைசியில் அவரே எழுந்து போனார்.

“டிரைவர் சார், விண்டோன்னா ஜன்னல்னு நான் சொல்றேன். சரிதானே?”

டிரைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தப்பு. கதவு.”

எல்லோரும் டிக்‌ஷ்னரியைப் பார்த்தார்கள். நாக்கு நுனிவரை வந்ததை அவர் விழுங்கினார். “தோத்துட்டேன்,” என்றார்.

டீ வந்தது. கேஷியர் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்ததும் டிக்‌ஷ்னரிக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

“வெயில் மூஞ்சில அடிக்குது,” என்றார் கேஷியர். “அந்த விண்டோவைக் கொஞ்சம் சாத்துங்க சார்.”

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.