இருந்து இறங்கிய படிகள்

எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனாலும் படியைக் கண்டால் நின்று எண்ணிவிட்டுத்தான் கால் வைப்பேன் என்பதால் வீட்டில் என்னைக் கிழவன் என்கிறார்கள். அலுப்புப் பிடித்த இந்தப் பழக்கம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த, பிரெஞ்சு பேசும் லாசாலில், இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், ஒரு பனிக்காலத்தில் ஒட்டிக்கொண்டது.

நாங்கள் மேல்மாடியில் குடியிருந்தோம். தெருவுக்கு இறங்க வீட்டுக்கு வெளியே வளைந்த இரும்புப் படிக்கட்டு. பத்தொன்பது படி. காலையில் கண்ணாடிபோல் உறைந்திருக்கும். அப்பாவிடம் சூரியன் படம் போட்ட மருத்துவ அட்டை இருந்தது. பிந்தி வந்த அம்மாவுக்கும் எனக்கும் கடுதாசி அலுவல்கள் முடியாததால் அட்டை இல்லை. அம்மாவுக்கோ ஏழு மாதம். பிறந்த பின் பிள்ளைக்கு அட்டை உண்டு, பிறக்கும்வரை வயிற்றுக்கு இல்லை.

ஆகவே அப்பா சட்டம் போட்டார். "அட்டை வருமட்டும் இந்த வீட்டில ஒருத்தரும் விழக்கூடாது. நீ இருந்து இருந்து இறங்கு. ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சாலே பில்லை நீட்டுவாங்கள்."

நானும் குண்டியைப் படியில் வைத்து ஒவ்வொன்றாய் நகர்ந்து இறங்குவேன். கீழ்வீட்டுப் பெடியன் தினமும் "பொன்ஷூர், பெபே!" என்பான்; வணக்கம், கைக்குழந்தையே என்று நக்கல்.

ஒருநாள் அவன் முன்னால் மானம் போகக்கூடாதென்று எழுந்து நடந்தேன்.

"இருந்து இறங்கடா, மூதேசி!" என்று அம்மா பின்னால் ஓடிவந்தார். தடாரென்று ஒரு சத்தம். திரும்புமுன்னமே அம்மா இருந்தபடியே சறுக்கி என் முதுகில் முட்டி நின்றார். அம்மாவும் சட்டத்துக்குப் பணிந்துவிட்டார் என்று சிரித்தேன்.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார். சீனித்தண்ணி குடித்து, இடப்பக்கம் சரிந்து படுத்து, என் கையை வயிற்றில் வைத்தார்.

"அசைஞ்சா உடன சொல்லு."

"டொக்டரிட்டப் போவமே?"

"போனா அப்பான்ர சம்பளம் காணாது. நீ கையை எடுக்காத."

கை விறைத்தது. கார்ட்டூன் நேரமும் போய்விட்டது. மத்தியானம் தாண்டித்தான் உள்ளங்கையில் ஒரு உதை விழுந்தது. "உதைக்குது அம்மா!" என்றேன். அம்மா முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டார். வயிற்றுக்குள் இருந்த தங்கைக்கு என்னைப் பிடிக்கவில்லையாக்கும், அதுதான் உதைக்கிறாள் என்று எனக்குக் கோபம்.

பின்னேரம் வேலையால் வந்த அப்பா சப்பாத்தைக் கழற்றுமுன்னமே விசாரணையைத் தொடங்கினார்.

"இருந்துதானே இறங்கினனீ?"

என் பங்கை விட்டுவிட்டு, "அம்மாவும் இருந்துதான் இறங்கினவ" என்றேன்.

"பாத்தியே, அதுதான் புத்தி!" என்று அப்பா மனம் நிறைந்து சிரித்தார்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அப்பாவே சிரிக்கும்போது அம்மா மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.