இரண்டு பத்துக்குக் கேட்ட தட்டல்

காது பரிசோதனைக்கு வருகிறவர்கள் அவளைக் காதக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, "கேட்டா மட்டும் பட்டனை அழுத்துங்க. கேக்கலைன்னா வெக்கப்படாம சும்மா இருங்க" என்பாள். கேட்காததைக் கேட்டதாக அழுத்துகிறவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள்.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு நீச்சல் ஆசை வந்ததற்கு ஒரு பெரியவர் காரணம். காதில் தண்ணீர் அடைத்துக்கொண்டு வந்திருந்தார். வயது எண்பத்தொன்று. "நீச்சல் குளத்துல மேலேருந்து குதிச்சேன்மா, கொஞ்சம் ஏடாகூடமா விழுந்துட்டேன்" என்றார். அவர் போன பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. பாத்ரூம் வாளியைத் தாண்டி அவள் எந்தத் தண்ணீரிலும் முகத்தை வைத்ததில்லை.

கணவர் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். எதையும் செய்முறையாகவே பார்ப்பவர். அவளைச் சாப்பாட்டு மேசை பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, போனைப் பார்த்துப் படித்தார். "முட்டியை மடக்காத. இடுப்புலேருந்து அடி. மூச்சை விடு... ஏய், இங்க எதுக்கு மூச்சை அடக்குற?" பெஞ்சு கவிழ்ந்து தாடை வீங்கியதுதான் மிச்சம்.

ஊர்ப் பொதுக்குளத்திலோ எள் போட்டால் எள் விழாத கூட்டம். விசிலைக் கடித்துக்கொண்டு நின்ற பயிற்சியாளர், "ஆன்ட்டி, பயப்படாதீங்க, இங்க இடுப்பளவுதான்!" என்று எல்லோர் காதிலும் விழும்படி கத்தினார். குழந்தைகள் சிரித்தார்கள். குழந்தைகளின் அம்மாக்களும் சிரித்தார்கள். மூன்றாம் நாளே அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

அந்த வாரம் பரிசோதனைக்கு வந்தவர்தான் குளத்துக்காரர். அறுபதை நெருங்கியவர். பாதிக்கு மேல் காது போயிருந்தது.

"என்ன வேலைண்ணே பாக்குறீங்க?"

"குளத்துல பம்ப் பாக்குறேன்மா. முப்பது வருஷமா அது பேச்சைக் கேட்டுக்கேட்டே காது போயிடுச்சு."

ஒரு காப்பீட்டு அலுவலகம் தன் ஊழியர்களுக்காகக் கட்டிய குளம் அது. அலுவலகம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. கட்டடம் விலை போகிற வரைக்கும் குளத்தைக் காயவிடக் கூடாது என்று இவரை மட்டும் வைத்திருந்தார்கள். அவள் தன் நீச்சல் ஆசையைச் சொன்னாள்.

"ஈ காக்கா கிடையாதும்மா. நீங்க வாங்க. மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவளுடைய பரிசோதனை நிலையம் மத்தியானம் ஒரு மணிக்கு மூடி நாலு மணிக்குத் திறக்கும். அடுத்த நாளே கிளம்பிப் போனாள். காலியான ஐந்து மாடிகளுக்குக் கீழே, தரைத்தளத்தின் பின்பக்கம் இருந்தது குளம். உயரத்தில் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். பச்சை ஓடு. இருபத்தைந்து மீட்டர் தண்ணீர் ஒரு சுருக்கம் இல்லாமல், விரித்துவைத்த துணிபோலக் கிடந்தது. குளத்துக்காரர் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவள் படியைப் பிடித்து இறங்கி, மார்பளவு தண்ணீரில் நின்று, கம்பியைப் பற்றிக்கொண்டு முதல் தடவையாக முகத்தை உள்ளே விட்டாள்.

டக், டக், டக். ஒரு மூச்சு இடைவெளி. டக், டக்.

தலையைத் தூக்கினாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. மறுபடி முக்கினாள். மூன்று, பிறகு இரண்டு. சுவரில் கடிகாரம் இரண்டு பத்து காட்டியது.

"அண்ணே, பம்ப் தட்டுது போல!" என்று கத்திச் சொன்னாள்.

"பம்ப் ஓடலையேம்மா. மத்தியானம் நிறுத்திடுவேன்."

குழாயாக இருக்கும், சூடேறி விரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் தினமும் இரண்டு பத்துக்குத் தொடங்கி கால் மணி நேரம் அது கேட்டது. குழாய் அப்படி எண்ணி எண்ணித் தட்டாது. மூன்றாம் வாரம் அவளே தன் அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உதவிக்கு இருந்த பெண்ணைக் கொண்டு தன் காதைச் சோதித்துப் பார்த்தாள். காது கண்ணாடி மாதிரி சுத்தம். அந்த அறையின் அமைதியில் தட்டல் எதுவும் இல்லை. அப்படியென்றால் அது தண்ணீரில்தான் இருந்தது. அன்று ராத்திரி கணவரிடம் சொன்னாள்.

"பயமா இருந்தா போகாத" என்றார் கணவர்.

"பயமாத்தான் இருக்கு. ஆனா யாரோ கூப்பிடுற மாதிரி இருக்குங்க. எப்படிப் போகாம இருக்கிறது?"

தண்ணீருக்குள் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. அது அவள் படித்த பாடம். அதனால் உள்ளங்கையால் ஓடுகளைத் தடவிப் பார்த்தாள். ஆழம் குறைந்த பக்கம் ஒன்றும் இல்லை. ஆழம் கூடக்கூட ஓடு லேசாக அதிர்ந்தது. அதற்கு மேல் போக அவளுக்கு நீந்தத் தெரிய வேண்டும்.

அப்படித்தான் அவள் நீச்சல் கற்றாள். பெஞ்சில் படித்தது, பொதுக்குளத்தில் பார்த்தது, விழுங்கிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து, ஐந்தாம் வாரம் உடம்பு மிதந்தது. ஆறாம் வாரம், முழு நீளம் போய் ஆழமான பக்கத்துச் சுவரைத் தொட்டாள். அங்கே, அடியில் இருந்த இரும்புச் சல்லடைக்குப் பின்னால், தட்டல் மிக அருகில் கேட்டது. அலறியடித்துத் திரும்பிப் பார்த்தாள். குளத்துக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிவழிந்துகொண்டிருந்தார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை போனபோது நாற்காலி காலியாக இருந்தது. அடியில் அவருடைய செருப்பு. பாதி குடித்த தேநீரில் ஆடை படிந்திருந்தது. இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். காது கேட்காதவரைக் கூப்பிட்டு என்ன பயன் என்று தண்ணீரில் இறங்கினாள். குளம் வழக்கத்தைவிட ஒரு சாண் இறங்கியிருந்தது.

இரண்டு பத்து. மூன்று, பிறகு இரண்டு. ஆனால் இன்று அந்த இரண்டு ஒழுங்காக வரவில்லை. முதல் தட்டு பலமாக, இரண்டாவது நழுவி விழுந்தாற்போல. பிறகு நீண்ட இடைவெளி. யாருக்கோ கை ஓய்ந்துகொண்டிருந்தது.

சொட்டச் சொட்டக் கரையேறி, போனை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினாள். பம்ப் அறை குளத்தின் ஆழமான பக்கத்தை ஒட்டிக் கீழே இருந்தது. இரும்புக் கதவை இழுத்தாள். ஐந்தாறு படிகள் தெரிந்தன, அதற்குக் கீழே கறுப்புத் தண்ணீர். குளோரின் நெடி மூக்கை அரித்தது. எதிர்க்கோடியில், பம்ப் மேடைமேல், கழுத்தளவு தண்ணீரில் குளத்துக்காரர் நின்றிருந்தார். உடைந்த குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் அவர் கால் சிக்கியிருந்தது. கையில் ஒரு ஸ்பேனர்.

போனில் தீயணைப்புக்குச் சொல்லிவிட்டு அதைப் படியில் வைத்தாள்.

"சிவப்பு வால்வும்மா!" அவர் குரலே எழும்பவில்லை. "நடுச்சுவத்துல... வலதுபக்கமா திருப்புங்க!"

தண்ணீரில் இறங்கினாள். காலுக்கு அடியில் தரை தட்டவில்லை. எட்டு கை வீசினாள், ஒவ்வொன்றையும் எண்ணினாள். வால்வைப் பிடித்துத் தொங்கி, மொத்த உடம்பையும் போட்டுத் திருகினாள். நாலாவது சுற்றில் தண்ணீர் ஏறுவது நின்றது. பிறகு அவரிடம் நீந்திப் போய், தீயணைப்பு வண்டி வரும்வரை அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மருத்துவமனையில் அவர் காலில் பெரிய கட்டு.

"கத்திக் கத்தித் தொண்டை போயிடுச்சும்மா. அப்புறந்தான் ஸ்பேனர் கையில பட்டுச்சு. குழாயில தட்டினேன். நீங்க வர்ற நேரம்னு ஒரு நம்பிக்கை."

"மூணு, அப்புறம் ரெண்டு" என்றாள் அவள், அவர் காதருகே குனிந்து.

"ஆமா."

"ஏண்ணே அப்படித் தட்டினீங்க?"

"தெரியலம்மா. கை தானா அப்படித் தட்டுச்சு."

"முதல் நாள்லேருந்து எனக்கு அதுதாண்ணே கேக்குது. நீங்க மேல நாற்காலியில உக்காந்திருக்கும்போது."

சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார். கேட்டிருந்தது. வெகுநேரம் தன் வலது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா" என்றார்.

கணவரைத் தவிர அவள் யாரிடமும் சொல்லவில்லை.

உடைந்த குழாயைச் சரிசெய்து, இரண்டு மாதம் கழித்துக் குளத்தைத் திறந்தார்கள். குளத்துக்காரர் கைத்தடியோடு வந்து உட்கார்ந்தார். அவள் முகத்தைத் தண்ணீரில் விட்டாள். இரண்டு பத்து ஆயிற்று. இரண்டேகால் ஆயிற்று. ஒன்றும் இல்லை. அவ்வளவு சுத்தமான அமைதியை அவள் தன் அறைக்குள்கூடக் கேட்டதில்லை. கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அழுதாள். அது நிம்மதியா நடுக்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கட்டடம் இன்னும் விலை போகவில்லை. இப்போது அவள் நிற்காமல் பன்னிரண்டு நீளம் போகிறாள். குளத்துக்காரர் விரல்விட்டு எண்ணி, ஒவ்வொரு நாளும் "பதினொண்ணுதாம்மா" என்று ஒன்றைக் குறைத்தே சொல்கிறார்.