கூடைக்குள் வந்த பிள்ளைகள்

மலையாள நாட்டுச் சக்குபள்ளத்துக்கு மேலே, தமிழ் ஆட்கள் வேலை செய்யும் ஒரு தேயிலைத் தோட்டம். எழுபத்துநாலாம் வருஷத்து மழையில் கொழுந்தெடுக்கும்போது வேலுத்தாய் சரிவில் வழுக்கி விழுந்தாள். ஒடிந்த கால் கூடியது, ஆனால் சற்றுக் குட்டையாகக் கூடியது. இனி மலையேற முடியாது. காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் விழாதவருக்கு தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்தில் வீடு இல்லை. அவளோ புருஷனை இழந்தவள். இரண்டு பெண்பிள்ளைகள் வேறு.

அவளை ஆயா வேலைக்குக் கேட்டு வாங்கியவர் தோட்டத்து டிஸ்பென்சரி நர்ஸ் ஏலிக்குட்டி சிஸ்டர். "எனக்கு ஓடுற ஆளு வேண்டா சாரே, இவங்க பாஷை பேசுற ஆளு மதி, அது போதும்" என்று மானேஜரிடம் மல்லுக்கட்டினார். "ஒரு மாசம் பார்ப்போம்" என்றார் அவர்.

பெரட்டுக் கூப்பிடும் மொக்கையன் கங்காணிக்குச் சிரிப்பு. "ஏத்தா, காலுக்கு மருந்து போட அங்கேயே குடியேறிட்டியாக்கும்?"

"ஆமாண்ணே. உங்க வாய்க்கும் மருந்து இருக்கான்னு கேட்டுச் சொல்லுதேன்."

மாசக் கடைசியில் பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமலுக்கான தடுப்பூசி. போன தடவை சிஸ்டர் மலையாளத்தில் கூப்பிட்டபோது லயத்துக் கதவுகள் எல்லாம் சாத்திக்கொண்டன. இந்த முறையும் அப்படியென்றால் ஆயா எதற்கு என்று மானேஜர் கேட்பார்.

ஊசி நாளன்று விடிந்தும் விடியாத பனியில் வேலுத்தாய் டிஸ்பென்சரிப் படியில் நின்று, தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், பெரட்டுக்குக் கூப்பிடுவதுபோலவே கூவினாள். "குருவம்மா! சாந்தம்மா! ராமாத்தா! வாங்கடி வரிசைக்கு!"

வந்தார்கள். முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு, தலையில் முக்காடு. பிள்ளை மட்டும் ஒருத்தி கையிலும் இல்லை.

"குஞ்ஞுங்க எவிடே?" என்றார் சிஸ்டர்.

"பெரட்டுக்குப் பிள்ளையத் தூக்கிட்டா வருவாக?" என்றாள் குருவம்மா. வரிசையே கொல்லென்று சிரித்தது.

வேலுத்தாய் சிரிக்கவில்லை. "குருவம்மா, என் மூத்தவன் இருமி இருமியே போனான். நீதானடி மடியில வச்சிருந்த. அதுக்குத்தான் இந்த ஊசி. ஒரு ராத்திரி காய்ச்சல் அடிக்கும். நான் ஒவ்வொரு வீடா வந்து பாக்கேன், இந்தக் காலோட."

குருவம்மா லயத்துக்கு நடந்தாள். திரும்பி வந்தபோது முதுகுக் கூடையிலிருந்து ஒரு மொட்டைத்தலை எட்டிப் பார்த்தது. பிறகு வரிசையாகக் கூடைகள், கூடைக்குள் பிள்ளைகள்.

'என் பெரட்டை எவ கூப்பிட்டது?' என்று வந்த கங்காணி, ஒரு கூடையில் தன் பேத்தியைக் கண்டதும் அந்தக் கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"சத்தம் போடாதீங்கண்ணே, பிள்ளை பயந்துரும்" என்றாள் வேலுத்தாய்.

பின்னாளில் யாரிடம் இதைச் சொன்னாலும், சிஸ்டர் பேரைச் சொல்லிக் கும்பிட்ட பிறகே அவள் ஆரம்பிப்பாள். மறுமாதம் முதல் தேதிப் பெரட்டில், எல்லாரையும் கூப்பிட்டு முடித்த மொக்கையன் தொண்டையைக் கனைத்தார்.

"டிஸ்பென்சரி, வேலுத்தாய்!"

பெரட்டுக் களத்தின் ஓரத்தில் நின்றவள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே வந்தாள். அவள் வாய் திறக்கும் முன்னே குருவம்மாதான் கத்தினாள்: "வந்திருக்கா!"